கிடங்கு அதிகாரியின் முகம்

என் கணவருக்குக் கோபம் வராது. அவர் பங்கையும் சேர்த்து எனக்கு வரும். கல்யாணமான புதிதிலேயே அவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கோபத்துக்குன்னு எங்க வீட்ல தனி இலாகா இருக்கு, இவதான் அதுக்கு மந்திரி" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இலாகாவில் எனக்கு ஓய்வே இல்லை.

நாங்கள் நடத்துவது ஒரு சின்ன போர் அருங்காட்சியகம். கட்டடம் பழைய வெடிமருந்துக் கிடங்கு. சுவர் என் கை நீளத்துக்குத் தடிமன், ஜன்னல் என்ற பெயரில் கூரைக்குக் கீழே சில துவாரங்கள். இடம் நகரசபைக்குச் சொந்தம். உள்ளே இருப்பதெல்லாம் என் கணவர் பரண்களிலிருந்தும் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிச் சேர்த்தவை: துருப்பிடித்த துப்பாக்கிகள், நசுங்கிய தண்ணீர்க் குடுவைகள், ஜோடியைத் தொலைத்த ஒரு பூட்ஸ், ஊதினால் இருமுகிற ஒரு எக்காளம். கூடத்தின் நடுவில் முற்றுகைக் காட்சி. நூறு வருடத்துக்கு முன் எதிரிப்படை இந்த ஊர்க் கோட்டையைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்த கொஞ்சம் பேர் பட்டினி கிடந்து தாக்குப்பிடித்தார்கள். அவர்களை ஆள் உயரப் பொம்மைகளாக மேடையில் நிறுத்தியிருக்கிறோம்.

பொம்மைகளுக்கு முகம் வேண்டுமே. கடையில் விற்கிற பொம்மைகள் ஜவுளிக்கடை வாசலில் நிற்கத்தான் லாயக்கு. பட்டினி கிடக்கிற சிப்பாய் அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டான். அதனால் ஊர்க்காரர்களின் முகத்தையே அச்செடுத்தோம். முகத்தில் வாஸ்லின் தடவி, பிளாஸ்டரில் நனைத்த துணிப் பட்டைகளை மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு ஒட்டி, இறுகியதும் கழற்றினால் அச்சு. அதில் வார்த்தெடுப்பது, செதுக்குவது, வண்ணம் தீட்டுவது எல்லாம் என் வேலை. அச்செடுக்கும்போது எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். அந்தக் கண்ணைத் திறந்துவைப்பதும் நான்தான்.

ஆரம்பித்த அன்றே ஒரு தொல்லை. முகம் கொடுக்க வந்த ஒவ்வொருவரும் "என்னைத் தளபதியா போடுங்க" என்றார்கள். எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்? என் கணவர் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்: 'முகம் கொடுப்பவர் வேடம் கேட்கக் கூடாது. கொடுத்த முகத்தைத் திருப்பிக் கேட்கவும் கூடாது.' ஊரே அதை ஏற்றுக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரர் எதிரிப்படையின் காவல்காரர். பல் வைத்தியர் குதிரையிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறார். அவர் மனைவி ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிவந்து, "இதோ, நம்ம வீட்டு ஐயா" என்று காட்டிவிட்டுப் போவாள்.

யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்வது நான். நான் அச்செடுக்கக் கற்றுக்கொண்டது என் கணவர் முகத்தில்தான். வாஸ்லின் போதாமல் இடது புருவத்தில் பாதி அச்சோடு பிய்ந்து வந்துவிட்டது. அந்தப் பாதிப் புருவத்தோடு அவரையே தளபதியாக நிறுத்தினேன். "வேண்டாம், ஊர் சிரிக்கும்" என்று கெஞ்சினார். சுவரைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு உருவத்துக்குத்தான் முகமில்லை. கோட்டையின் கிடங்கு அதிகாரி. உள்ளே இருந்தவர்கள் பசியில் துடித்தபோது அவர்களுடைய மாவு மூட்டைகளை எதிரிக்கு விற்றவன். மேடை மூலையில் மூட்டைகளைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். தொப்பிக்குக் கீழே வெறும் களிமண் உருண்டை. "யார் வீட்டு மனுஷன் முகத்த அதுல ஒட்டறது, மனசு வரல" என்பார் என் கணவர். எனக்கு மனசு வந்தது. தகுந்த முகம்தான் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்தது. அதற்கு நான் கொடுத்த விலை என் கணவர்.

எங்கள் கூரை ஒழுக ஆரம்பித்து வருடக்கணக்காயிற்று. நகரசபையில் மனு மேல் மனுப் போட்டு, கடைசியில் புதுத் தகரம் போட ஒப்புதல் வந்தது. தகரமும் வந்து இறங்கியது, எங்கள் வாசலில் அல்ல, நகரசபைத் தலைவரின் சொந்தக் கிடங்கில். "பத்திரமா இருக்கட்டும்னு அங்க இறக்கியிருக்கேன்" என்றார் தலைவர். அவ்வளவு பத்திரமாக இருந்தது, அவருடைய கிடங்கின் கூரை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. செங்கல் நிறத் தகரம். கடைத்தெருவில் நடக்கிற யாருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

என் கணவர் கேட்டார். திரும்பத் திரும்பப் போய் அவர் அறை வாசலில் காத்திருந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "மழை முடியட்டும், பார்க்கலாம்."

மழை முடியவில்லை. ஒரு மதியம் மேடைக்கு நேர் மேலே தண்ணீர் கொட்டியது. வாளி வைத்து, பாத்திரம் வைத்து, எல்லாம் நிரம்பிவிட்டது. என் கணவர் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். என் கொழுந்தன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே பொம்மைகளுக்குப் போர்வை மூடிக்கொண்டிருந்தேன். மேலே சரசரவென்று ஒரு சத்தம், பிறகு வாசல் கல்படியில் ஒரு சத்தம். போர்வையைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினேன். அந்தப் போர்வையைத்தான் அவர் மேல் போட்டேன்.

சாவுக்குத் தலைவர் வந்தார். என் எதிரே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவசரப்பட்டுட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே" என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், இந்த ஆள் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த காலம் எங்களுக்குக் கெட்ட காலம். நகரசபை தந்துவந்த மானியம் நின்றது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தின. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ஆள் வந்தால் மட்டும் விளக்கைப் போட்டோம். ஆளும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. துப்பாக்கிகளுக்கு எண்ணெய் வாங்க முடியாமல் சமையல் எண்ணெயைத் தடவிப் பார்த்தான் என் கொழுந்தன். மறுநாள் எறும்புப் படை முற்றுகை போட்டது. குத்தகை முடியப்போகிறது, இடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

"அண்ணி, இடம் போச்சுன்னா இதுங்களை எங்க கொண்டுபோறது?" என்றான் கொழுந்தன். டிக்கெட் கொடுப்பது, தச்சு வேலை, பயப்படுவது மூன்றும் அவன் பொறுப்பு. "நம்ம வீட்ல இருக்கறதே ரெண்டு ரூம்."

"குதிரையை அடுப்படியில கட்டிடலாம். பல் வைத்தியரை உன் கட்டிலுக்கு அடியில போட்டுக்கோ" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். அந்த மேடையில் நிற்கிற முகம் ஒன்றுதான் என் கணவர் இந்த உலகத்தில் மிச்சம் வைத்தது. அதை ஒரு மூலையில் சாக்கில் கட்டிவைத்துவிட்டு எப்படி இருப்பேன்?

இந்த நேரத்தில்தான் தலைவர் வந்தார். முற்றுகையின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது, தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையைச் சுற்றி நடந்து பார்த்தார். தளபதிக்கு எதிரே நின்றார்.

"விழாவைப் பெரிசா செஞ்சிடுவோம். குத்தகையை நீட்டிக் கொடுத்துடலாம், அது என் கையிலதான் இருக்கு" என்றார். பிறகு தளபதியைக் கண்ணால் காட்டினார். "ஆனா இவர் முகத்துல அவ்வளவா களை இல்லையே. புருவம்கூடப் பாதிதான் இருக்கு. இந்த இடத்துல ஊருக்குத் தெரிஞ்ச முகமா இருந்தா நல்லா இருக்கும். என்ன சொல்றீங்க?"

என் கொழுந்தன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். நான் என்ன செய்துவிடுவேனோ என்று அதை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தியும் வைத்தான்.

நான் சொன்னேன்: "நாளைக்குக் காலைல வாங்க. வெறும் வயித்துல வராதீங்க, மயக்கம் வரும். மீசையை மட்டும் மழிச்சுட்டு வாங்க, அச்சுல ஒட்டிக்கும்."

அவர் போனதும் கொழுந்தன் ரம்பத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாயங்காலம், "அண்ணன் தலையை அறுக்கறதுக்கு நான் ரம்பம் எடுக்கமாட்டேன்" என்றான்.

"யார் உன்னை எடுக்கச் சொன்னது? களிமண் உருண்டையைக் கழற்றி வை" என்றேன்.

அவன் மேடை மூலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, அவர் நம்மளைத் தொலைச்சுடுவார்" என்றான்.

மறுநாள் தலைவர் மீசை இல்லாமல் வந்தார். பட்டறை நாற்காலியில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன். அவருக்கு நேர் எதிரே சுவரில் என் கணவரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் சாண் உயரம். அதைப் படித்தார். படித்துவிட்டு, "இதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு" என்றார்.

"சுவத்துல இருக்கறது எல்லாருக்கும்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கு எந்த இடம்னு நமக்குள்ள பேசியாச்சே."

"உங்களுக்குன்னே ஒரு இடம் ரொம்ப நாளா காலியா இருக்கு. கவலைப்படாதீங்க" என்றேன். ஒரு பொய்கூட இல்லை.

வாஸ்லினைத் தாராளமாகத் தடவினேன். புருவத்தில் ஒரு முடி பிய்ந்துவிடக் கூடாது. முழு முகமும் எனக்கு வேண்டும். பட்டைகளை ஒட்ட ஒட்ட அவர் பேச்சு நின்றது. கண் மூடியது, வாய் மூடியது, மூக்குத் துவாரம் மட்டும் மிச்சம். அந்த இரண்டு துவாரத்தின் வழியே அவர் மூச்சு என் விரலில் பட்டது. ஈரத் துணி இன்னும் ஒரு துண்டு என் கையில் இருந்தது. அந்த நிமிடம் என் மனதில் வந்தது என்னவென்று மறைக்க மாட்டேன். துண்டைத் தண்ணீரில் போட்டேன். இவர் செத்தால் எனக்கு என்ன லாபம்? இவர் நின்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆசையாக நான் எந்த முகத்தையும் செய்ததில்லை. மூக்கோரத்து மடிப்பு, தாடைக்குக் கீழே தொங்குகிற சதை, நெற்றியில் சின்ன வயதுத் தழும்பு, எல்லாம் அப்படியே. கண்ணை மட்டும் முழுதாகத் திறக்கவில்லை. மூட்டைகளைக் குனிந்து கணக்குப் பார்க்கிற மாதிரி இமையைத் தாழ்த்தியே விட்டேன். வாயும் அச்சில் வந்தபடியே, கொஞ்சம் தளர்ந்து. பிறகு கொழுந்தனும் நானும் அதிகாரியை மூட்டையோடு திருப்பி, பார்க்க வருகிறவர்கள் பக்கம் முகம் காட்ட நிறுத்தினோம். தளபதியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினோம்.

விழாவில் எது முன்னே, எது பின்னே என்று வரிசை போட்டது நான். முதலில் வாசலில் பேச்சு. தலைவர் ஊர் முன்னால் நின்று, பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, அருங்காட்சியகத்தின் குத்தகையை நீண்ட காலத்துக்கு நீட்டித்துத் தருவதாக அறிவித்து, கையெழுத்துப் போட்ட பத்திரத்தை என் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்தோம்.

தலைவர் நேராகத் தளபதியிடம் போனார். படம் எடுப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். துணியை இழுத்தார். பாதிப் புருவத்தோடு என் கணவர் நின்றார். ஊர்க்காரர்கள் மறுபடி கைதட்டினார்கள். அவர் போன பிறகு எங்கள் கூடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

தலைவர் சிரிப்பைக் கலைக்காமல் என் காதருகே குனிந்தார். "என்னோடது எங்கே?"

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைவரின் மனைவி கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் மேடையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். வாய்ச் சண்டைக்கோ வம்புக்கோ போகாத மனுஷி. மூலைக்கு வந்ததும் நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம வீட்டுக்காரர்" என்றாள். "தூங்கறப்ப இப்படியேதான் இருப்பார்."

அவள் அதை யாரையும் குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் மூலைக்குத் திரும்பினார்கள். ரொட்டிக்கடைக்காரர் அதன் காலடியிலிருந்த பெயர்ப் பலகையை வாய்விட்டுப் படித்தார்: "கிடங்கு அதிகாரி. ஊர்ச் சொத்தை விற்றவர்." பலகை பழையது, என் கணவர் எழுதியது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பல் வைத்தியரின் மனைவி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். யாரோ பின்னாலிருந்து, "செங்கல் நிறத் தகரம்" என்று மட்டும் சொன்னார்கள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "அது என் முகம்" என்று சொன்னால் ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. "இல்லை" என்று சொல்லலாம் என்றால் மனைவி சொல்லிவிட்டாள். அவர் மூலையைப் பார்த்தார், மீசையில்லாத மேலுதட்டைத் தடவினார், "நல்லா செஞ்சிருக்காங்க" என்றார். என் வாழ்நாளில் நான் சாப்பிட்ட எந்தச் சாப்பாடும் அந்த வார்த்தை அளவுக்கு ருசித்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். யாரும் தலைவர் பெயரை எடுக்கவில்லை. "கிடங்கு அதிகாரியைப் பார்க்கணும்" என்று சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். கொழுந்தன் துப்பாக்கிகளுக்கு நல்ல எண்ணெய் வாங்கினான். பயம் மட்டும் போகவில்லை. தெருவில் கார் சத்தம் கேட்டால் டிக்கெட் மேசைக்கு அடியில் எதையோ தேடுவான்.

தலைவர் தனியாக வந்தார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பட்டறைக்குள்ளேயே வந்தார். மீசை அரைகுறையாக வளர்ந்திருந்தது.

"அதை எடுத்துடுங்க. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

நான் கையிலிருந்த தூரிகையைத் துடைத்தேன். "கூரை" என்றேன்.

"போட்டுடலாம். நீங்க முதல்ல அந்த முகத்த..."

"கூரை முதல்ல."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நகரசபைக் கணக்கில் எங்கள் கூரை எப்போதோ போட்டாகிவிட்டது. போட்ட கூரைக்கு மறுபடி எப்படி ஒப்புதல் கேட்பது? புதிதாக வாங்கவும் மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்த வாரமே ஆட்கள் வந்து அவருடைய கிடங்கின் தகரத்தைப் பிரித்தார்கள். செங்கல் நிறத் தகரம் லாரியில் ஏறி, கடைத்தெரு முழுக்க ஊர்வலம் வந்து, எங்கள் கூரையில் ஏறியது. பழைய ஆணித் துளைகளைத் தார் வைத்து அடைத்தார்கள். கடைக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொழுந்தன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி ஆள் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

வேலை முடிந்த மறுநாள் தலைவர் வந்தார். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"சொன்னபடி செஞ்சாச்சு. எப்ப எடுக்கறீங்க?" என்றார்.

நான் சுவரைக் காட்டியிருக்கலாம். ஆனால் இந்தப் பதிலை நான் என் கணவரின் சாவிலிருந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மழை முடியட்டும், பார்க்கலாம்."

அவர் முகத்தில் ஏதாவது மாறும் என்று பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனையும். ஒன்றும் மாறவில்லை. "சரி, மழை முடிஞ்சதும் செஞ்சிடுங்க" என்று தலையாட்டினார். அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு நினைவே இல்லை. எத்தனை பேரிடம் சொன்னாரோ. என் கணவர் அதைக் கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டியபடி என்னிடம் அப்படியே திருப்பிச் சொல்வார். எனக்கு மனப்பாடம். சொன்னவருக்கு மறந்துவிட்டது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

டிக்கெட் மேசையிலிருந்த கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. முதல் முறையாக அவன் பயப்படாமல் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். "எங்க அண்ணன்கிட்ட நீங்க அப்படித்தான் சொன்னீங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

தலைவர் அவனைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தளர்ந்தது. இமை தாழ்ந்தது, வாயோரம் தொங்கியது. மூலையில் நிற்கிறவனை அப்படியே உரித்துவைத்த மாதிரி ஆனது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை வலுத்தது. தகரத்தில் அடித்துப் பெய்தது. நானும் கொழுந்தனும் பழக்கதோஷத்தில் வாளியை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. தளபதி பாதிப் புருவத்தோடு காய்ந்த முகமாக நின்றார். வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சாவு வீட்டில் பாதியில் நிறுத்திய அழுகை.

தலைவர் தேர்தலில் தோற்றார். வெயில் காலம் வந்து போய், அடுத்த மழையும் வந்து போயிற்று. அவ்வப்போது ஆள் அனுப்பி, "எப்ப எடுப்பாங்க?" என்று கேட்கிறார். காலையில் தூசி தட்டும்போது முதலில் என் கணவருக்கு, கடைசியில் கிடங்கு அதிகாரிக்கு. அவர் முகத்தில் பூஞ்சை பிடிக்காமல் இமையோரத்தைக்கூட மெல்லிய தூரிகையால் துடைத்து வைத்திருக்கிறேன், கெட்டுப்போக விடமாட்டேன். என் கணவராக இருந்தால் இந்நேரம் மன்னித்திருப்பார். நான் அவர் இல்லை. வருகிற ஆளிடம் சொல்லி அனுப்புகிறேன், எனக்கு இன்னும் மழை முடியவில்லை என்று.